மலையில் சேஜ் வளர்க்க: எந்த வகை, எந்த மாதம், எவ்வளவு செலவு

சேஜ் என்பது மேல்நாட்டுச் சமையலில் மணத்துக்குச் சேர்க்கும் இலைச்செடி. கோத்தகிரிக்குக் குடிவந்த முதல் மூன்று ஆண்டுகளில் பதினோரு சேஜ் செடிகளைப் பறிகொடுத்தேன். ஒவ்வொரு முறையும் குளிர்தான் கொன்றது என்று நினைத்து, சாக்கைப் போட்டு மூடினேன், அடித்தண்டைச் சுற்றி இலைச்சருகைக் குவித்தேன். உண்மையில் நான் மூடியதால்தான் அவை செத்தன. அழுகிய வேரைப் பிடுங்கிப் பார்த்த நாளில்தான் அது புரிந்தது. நீலகிரியிலோ பழனி மலையிலோ புதிதாகச் சேஜ் வைக்கப் போகிறவர்கள் அந்த மூன்று ஆண்டுகளை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. சேஜ் என்பது ஒரே செடியல்ல என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

நர்சரிக்குப் போய் “சேஜ் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கு முதலில் கிடைத்தது சிவப்புப் பூப் பூக்கும் சால்வியா ஸ்ப்ளென்டன்ஸ். சீசன் சமயத்தில் பூங்காப் பாத்திகளில் வரிசையாக நிற்குமே, அதுதான். பார்க்க அழகு, சமையலுக்கு உதவாது. இன்னொரு கடையில் கற்பூரவள்ளித் தொட்டியையே சேஜ் என்று தந்தார்கள்.

கண்ணாலும் மூக்காலும் அடையாளம் காணலாம். சமையல் சேஜின் தாவரப் பெயர் சால்வியா அஃபிசினாலிஸ். இலை நீளவாக்கில், சாம்பல் பூத்த பச்சையாக இருக்கும். மேற்பரப்பு மணல் ஒட்டியதுபோல் சிறுசிறு புடைப்புகளுடன், மெல்லிய ரோமத்துடன் இருக்கும். தண்டு துளசித் தண்டுபோல் நான்கு பட்டை. இரண்டும் ஒரே குடும்பம். இலையைக் கசக்கினால் கற்பூரமும் மிளகும் கலந்த காரமான மணம் எழும். ஸ்ப்ளென்டன்ஸின் இலையோ பளிச்சென்ற பச்சை, மழமழப்பானது. கசக்கினால் சமையல் மணம் எதுவும் வராது. கற்பூரவள்ளி இலை தடிமனானது, ஒடித்தால் நீர் கசியும். கசக்கி மோந்து பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

2. எந்த வகையை வாங்குவது

முதல் செடியாகச் சாதாரணச் சமையல் சேஜையே வாங்குங்கள். அதிலேயே சில ரகங்கள் உண்டு. எனக்கு மிகப் பிடித்தது பெர்கார்டன். இலை அகலமாக, ஏறக்குறைய முட்டை வடிவில் இருக்கும், பூப்பது அரிது, செடி தாழ்வாகப் பரவும். பூவுக்குச் செலவாகாத சத்தெல்லாம் இலைக்குப் போவதால் சமையலறைக்கு இதைவிட நல்லது இல்லை என்பது என் அனுபவம். ஊதா இலை ரகமும் மஞ்சள் விளிம்பு ரகமும் உண்ணத் தகுந்தவையே, மணம் சற்றுக் குறைவு. வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை என மூவண்ணம் காட்டும் ட்ரைகலர் என் தோட்டத்தில் இரண்டு முறை செத்துவிட்டது. மற்றவற்றைவிட மென்மையான ரகம் அது; கை பழகிய பிறகு வையுங்கள்.

அடுத்தது அன்னாசி சேஜ், சால்வியா எலிகன்ஸ். மெக்சிகோ நாட்டுச் செடி. இலையை லேசாகத் தேய்த்தாலே பழுத்த அன்னாசி மணக்கும். ஓராண்டில் இடுப்பளவு வளர்ந்துவிடும். பகல் குறுகத் தொடங்கும்போது செக்கச்செவேலென்று பூக்கும், தேன்சிட்டுகள் காலையிலிருந்து அதிலேயே கிடக்கும். கோத்தகிரியில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வளர்கிறது. ஊட்டியில் சரியாகப் பூக்கும் பருவத்தில் உறைபனி விழுந்து தரையோடு கருக்கிவிடும்; வேர் பிழைத்திருந்தால் மார்ச் மாதத்தில் மறுபடி துளிர்க்கும். அதனால் அவசரப்பட்டுப் பிடுங்கி எறியாதீர்கள்.

ஊதா வெல்வெட் கதிர்போல் பூக்கும் சால்வியா லூக்காந்தா, மலைச்சரிவுகளில் தானாகவே முளைத்துக் கிடக்கும் சிவப்புச் சால்வியா காக்சீனியா ஆகிய இரண்டும் வேலியோரத்துக்கு அருமையானவை. சமையலுக்கு வேண்டாம். கடையில் விற்கும் சியா விதையும் சால்வியா பேரினத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அதன் இலைக்காக யாரும் அதை வளர்ப்பதில்லை. புகை போடுவதற்கென்று இணையத்தில் விற்கும் வெள்ளைச் சேஜ் கலிபோர்னியாவின் வறண்ட நிலச் செடி. நம் மழைக்கு அது தாங்காது.

3. வாங்கும்போது கையில் இருக்க வேண்டியவை

பில் கேளுங்கள். அதில் “சேஜ்” என்று மட்டும் எழுதாமல் தாவரப் பெயரையும் ரகத்தின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். இப்படிக் கேட்டாலே கடைக்காரர் ஒருமுறை செடியை உற்றுப் பார்ப்பார். தவறான செடி என்று பின்னால் தெரிந்தால் மாற்றிக்கொள்ளவும் அதுவே ஆதாரம். நான் ஒரு சமையல் சேஜ் கன்றுக்கு 120 ரூபாயும், பெர்கார்டனுக்கு 250 ரூபாயும், அன்னாசி சேஜுக்கு 80 ரூபாயும் கொடுத்தேன்.

சமவெளியிலிருந்து சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. கட்டணம் இல்லை, வாகன எண், எத்தனை பேர், எத்தனை நாள் என்ற விவரங்கள் போதும். அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை. சீசனில் தினசரி வாகன எண்ணிக்கைக்கு வரம்பும் வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே செடி வாங்குவதற்காகவே மலையேறுகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. செடிகளை எடுத்துச் செல்ல அட்டைப்பெட்டியோ பழக்கூடையோ கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் கைப்பைகளைச் சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கூரியரில் செடி வரவழைப்பதை நான் நிறுத்திவிட்டேன். மூன்று நாள் மூடிய பெட்டிக்குள் இருந்து வந்த இரண்டு கன்றுகளின் இலைகள் கறுத்துக் கூழாகியிருந்தன. சேஜின் ரோமம் படிந்த இலை, காற்றில்லாத ஈரத்தைத் தாங்காது.

வெளிநாட்டு உறவினரிடம் விதை கொண்டுவரச் சொல்வது பலர் செய்யும் தவறு. நானும் செய்தேன், பொட்டலம் கைக்கு வரவே இல்லை. 2003 ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, விதையோ கன்றோ இந்தியாவுக்குள் வர இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஒரு சிட்டிகை விதைக்காக அந்த அலைச்சல் தேவையில்லை. அதோடு, பெர்கார்டன், ட்ரைகலர் போன்ற ரகங்கள் விதையிலிருந்து தாய்ச்செடியைப்போல் வராது. குச்சியிலிருந்துதான் அவற்றைப் பெருக்க வேண்டும். அவற்றின் விதை என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

வாங்கி வந்த செடியிலிருந்து உடனே இலை பறித்துச் சமைக்க வேண்டாம். அலங்காரச் செடிகளோடு வைத்து மருந்து அடித்திருக்கக்கூடும். பழைய இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் புதிதாக வரும் இலையை மட்டும் எடுங்கள்.

4. மண்ணைச் சரிசெய்யாமல் நடாதீர்கள்

நான் பதினோரு செடிகளை இழந்ததற்கு, மூடி வைத்ததோடு இந்தப் படியில் அவசரம் காட்டியதும் காரணம்.

தேயிலை செழிக்கும் மண் அமில மண். தேயிலைக்கு அது அமிர்தம். சேஜ் மத்தியதரைக் கடலோரத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் பிறந்தது. கார அமிலக் குறியீடு (pH) 6 முதல் 7 வரை இருக்கும் மண்ணில்தான் அது நிம்மதியாக இருக்கும். இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம். என் தோட்டத்து மண்ணைச் சோதித்தபோது 4.9 வந்தது.

மண் பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது என்று உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஐந்தாறு இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்குகளைத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடி பிரித்து, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, பெயர், ஊர், சர்வே எண், முன்பு வைத்த பயிர் ஆகியவற்றை எழுதிய சீட்டை வையுங்கள். ஆதார் நகலும் இருக்கட்டும். சர்வே எண் தெரியாமல் நான் ஒருமுறை திரும்பி வந்தேன். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வர எனக்கு மூன்று வாரம் ஆனது. ஆகவே ஜனவரி தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

அமிலம் அதிகம் என்று வந்தால் டோலமைட் தூள் போடுங்கள். தேயிலைக்கு உரம் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் தூவி, ஒரு சாண் ஆழம் கொத்திக் கலந்து, நடுவதற்கு முன் நான்கு வாரம் விடுங்கள். ஒரே தடவையில் அதற்குமேல் கொட்டாதீர்கள். தேவைப்பட்டால் ஆறு மாதம் கழித்து மறுபடி போடலாம். என் மண் 6.1-க்கு வர இரண்டு தடவை தேவைப்பட்டது. வெள்ளையடிக்கும் சுட்ட சுண்ணாம்பைப் போடவே கூடாது, வேரைச் சுட்டுவிடும். புதுச் சாணத்தோடு டோலமைட்டைச் சேர்த்துப் போட்டால் தழைச்சத்து காற்றில் போய்விடும். இரண்டுக்கும் நடுவே சில வாரம் இடைவெளி விடுங்கள்.

அடுத்தது வடிகால். சமதளத்தில் நடாமல் ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எழுப்புங்கள். சரிவான நிலம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தொட்டி என்றால் பன்னிரண்டு அங்குல மண்தொட்டிதான் என் தேர்வு. சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். தோட்டமண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி டோலமைட். தென்னைநார்க் கழிவு நிறையச் சேர்க்காதீர்கள். சமவெளியில் அது வரப்பிரசாதம், மலையின் மூடுபனியில் வாரக்கணக்கில் ஊறிக்கொண்டே இருக்கும். நர்சரிக் கன்றின் வேர்ப்பந்திலும் அதுதான் இருக்கும் என்பதால், நடும்போது விரலால் பாதியை உதிர்த்துவிடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள்.

சில்வர் ஓக் சருகால் மூடாக்குப் போடுவது இங்கே வழக்கம். காய்கறிக்குப் போடுங்கள், சேஜுக்கு வேண்டாம். அடித்தண்டைச் சுற்றிக் கால் அங்குல ஜல்லியைப் பரப்புங்கள். மழைத்துளி மண்ணை இலைமேல் தெறிக்காது, தண்டு உலர்ந்தே இருக்கும். சருகை விட்டு ஜல்லிக்கு மாறிய பிறகு என் தோட்டத்தில் ஒரு செடிகூட அழுகவில்லை.

தொட்டி, மணல், ஜல்லி, டோலமைட், உரம் எல்லாம் சேர்த்து ஒரு தொட்டிக்கு எனக்கு 350 ரூபாய் ஆனது. கன்றைவிட மண்ணுக்கே அதிகம் செலவாகும், அதில் கைவைக்காதீர்கள்.

5. நடும் இடமும் மாதமும்

நாளுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். எங்கள் பக்கம் காலையில் வெயில் அடித்து, மதியத்துக்குமேல் மூடுபனி ஏறிவிடும் நாட்கள் அதிகம். அதனால் கிழக்கு பார்த்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) அருகே நட வேண்டாம். அதன் வேர் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். செடிக்குச் செடி 50 சென்டிமீட்டராவது விடுங்கள். காற்று புகுந்து போனால்தான் சாம்பல் நோய் அண்டாது.

மலை முழுவதற்கும் ஒரே மழைக்காலம் கிடையாது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் வரும். ஊட்டியின் மேற்குப் பகுதிகளையும் கூடலூரையும் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை நனைக்கும். கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் கடுமை. மூன்று இடங்களுக்கும் பொதுவாகப் பொருந்துவது பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை. உறைபனி ஓய்ந்திருக்கும், பெருமழைக்கு முன் வேர் பிடிக்க இரண்டு மாதமாவது கிடைக்கும்.

விதையிலிருந்து தொடங்குவதானால் ஜனவரியில் வீட்டுக்குள், ஜன்னலோரத்தில் விதையுங்கள். முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். பத்தாம் நாளே கிளறிப் பார்த்து முளையை முறித்த அனுபவம் எனக்கு உண்டு. விதைச் செடியில் முதலாண்டு இலை பறிப்பதை மறந்துவிட வேண்டும்.

கொடைக்கானலில் காட்டுமாடு வீட்டுத் தோட்டத்துக்குள்ளேயே வரும். மணமுள்ள செடியைத் தின்னாவிட்டாலும் மிதித்துவிடும். வேலி இல்லாத இடத்தில் தொட்டிகளைத் திண்ணையில் வைப்பதே பாதுகாப்பு.

6. மழையிலும் பனியிலும்

மழைக்காலத்தில் நீர் ஊற்றவே வேண்டாம். தொட்டிகளைக் கூரையின் இறவாரத்துக்கு அடியில் நகர்த்துங்கள், ஆனால் கூரைநீர் சொட்டும் கோட்டுக்கு உள்ளே இருக்கட்டும். பாத்தியில் இருப்பவற்றுக்கு நான்கு கம்பு நட்டு மேலே மட்டும் தகடோ ஷீட்டோ போடுங்கள். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். சுற்றிலும் மூடுவதுதான் நான் செய்த தவறு.

பனியைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். சமையல் சேஜ் ஐரோப்பியக் குளிரையே தாங்கும் செடி, ஊட்டியின் உறைபனி அதற்குப் பெரிதல்ல. நவம்பரில் நீர்ப்பனி தொடங்கியதும் அன்னாசி சேஜையும் ட்ரைகலரையும் மட்டும் இரவில் துணியால் மூடி, காலை வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

7. ஒன்றைப் பத்தாக்குவது

நல்ல செடி ஒன்று கைக்கு வந்துவிட்டால் மறுபடி காசு செலவழிக்கத் தேவையில்லை. பூக்காத இளங்குச்சியை 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். நிழலில் நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர்விடும். எங்களுக்கு ஆகஸ்ட் நல்ல மாதம். பத்துக் குச்சி வைத்தால் எனக்கு ஆறு பிழைக்கும். குச்சி ஊன்றப் பயமாக இருந்தால், தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணில் புதைத்துக் கல் வையுங்கள். பதியன் தாய்ச்செடியோடு இருந்தபடியே வேர்விடும்.

பூத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். இலையே இல்லாத மரத்தண்டு வரை வெட்டினால் திரும்பத் துளிர்ப்பது சந்தேகம். நான்கைந்து ஆண்டுகளில் செடி கட்டையாகிவிடும் என்பதால், மூன்றாம் ஆண்டிலேயே அதற்கு மாற்றுக் குச்சியைத் தயார் செய்துவிடுங்கள்.

8. சமையலில்

சேஜைக் கொத்தமல்லிபோல் கைநிறைய அள்ளிப் போட்டால் குழம்பு கசந்துவிடும். ஒரு கிலோ உருளைக்கிழங்குக்கு ஆறேழு இலை போதும். எங்கள் வீட்டில் அடிக்கடி செய்வது இதுதான்: வேகவைத்த ஊட்டி உருளைக்கிழங்கு, நசுக்கிய மலைப்பூண்டு, உப்பு, மிளகு. இரண்டு கரண்டி நெய்யைக் காயவைத்து இலைகளைப் போட்டால் பதினைந்து விநாடிக்குள் மொறுமொறுப்பாகும். கருகும் முன் எடுத்துவிட வேண்டும். அதே நெய்யில் பூண்டையும் கிழங்கையும் புரட்டி, மேலே இலைகளை நொறுக்கித் தூவுங்கள். கொடைக்கானல் பட்டர் பீன்ஸ் வேகும்போது ஒரு சிறு காம்பைப் போட்டு எடுத்தால் பயறு வாசமே மாறிவிடும். ஆட்டுக்கறி, பரங்கிக்காய் இரண்டுக்கும் நன்றாகச் சேரும். நீண்ட நேரம் வெந்தாலும் மணம் போகாத இலை இது. புளியும் பெருங்காயமும் இருக்கும் இடத்தில் மட்டும் எனக்கு அது ஒத்துவரவில்லை.

அன்னாசி சேஜை வேகவைக்காதீர்கள், மணம் பறந்துவிடும். எலுமிச்சைச் சாற்றிலும் பழக்கலவையிலும் பச்சையாகக் கிள்ளிப் போடுங்கள். பூவையும் உண்ணலாம்.

சமையல் சேஜில் துஜோன் என்ற பொருள் இருக்கிறது. உணவில் சேர்க்கும் அளவில் கவலையில்லை. கஷாயம்போல் தினமும் கெட்டியாகக் காய்ச்சிக் குடிப்பதும், சேஜ் எண்ணெயை உள்ளுக்குச் சாப்பிடுவதும் ஆபத்து. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், வலிப்பு நோய் உள்ளவர்களும் சேஜ் தேநீரைத் தவிர்க்க வேண்டும்.

9. காயவைப்பதும் விற்பதும்

ஜனவரி முதல் மார்ச் வரை பனி உலர்ந்த காலை வேளையில், பூக்கும் முன் அறுத்து, பத்துக் குச்சிகளாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பத்து நாளில் இலை கையில் நொறுங்கும். மழைமாதத்தில் தொங்கவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அப்போது உலர்த்தியில் 40 டிகிரியில் வையுங்கள். ஒரு கிலோ பச்சை இலை எனக்குக் கால் கிலோவுக்கும் குறைவாகவே நின்றது, விலை வைக்கும்போது இதைக் கணக்கில் கொள்ளுங்கள். மூன்று கரண்டி பச்சை இலைக்கு ஒரு கரண்டி உலர்ந்த இலை சமம்.

மிஞ்சியதை விற்க நினைத்தால் முதலில் பச்சைக் கட்டுகளாக உணவு விடுதிகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். பணம் அன்றே கிடைக்குமா, மாதக் கடைசியிலா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். உலர்த்திப் பொட்டலம் கட்டி விற்பதானால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் அடிப்படைப் பதிவு வேண்டும். நான் பதிந்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய். புகைப்படமும் அடையாளச் சான்றும் கேட்டார்கள். இடைத்தரகர் ஒருவர் இதற்கே 2,000 ரூபாய் கேட்டார். நீங்களே செய்துவிடலாம், அரைமணி நேர வேலை. பதிவானதும் வரும் பதினான்கு இலக்க எண்ணைப் பொட்டலச் சீட்டில் அச்சிட வேண்டும். எண் கைக்கு வருவதற்குள் சீட்டுகளை அச்சடித்து வைத்துவிடாதீர்கள். நான் ஐந்நூறு சீட்டுகளை மறுபடி அச்சடிக்க நேர்ந்தது.